ரயில் அவர்களுடையது, ஸ்டேஷனுக்கு வரும் தெரு உங்களுடையது: சென்னை, தாம்பரம் மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளிலும் நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய மாமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மின்சார ரயிலைப் பற்றி யார் மனு எழுதினாலும் அது ரயில்வேக்குத்தான் போகும். வண்டி லேட், கூட்டம் தாங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு என்று பாதி வண்டியை நிறுத்திவிட்டார்கள், இப்படி. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அதைக் கவனிக்கப் பயணிகள் சங்கங்கள் இருக்கின்றன, அவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் இப்போது எழுதுவது வண்டி ஏறுவதற்கு முன்னாலும் இறங்கிய பின்னாலும் நடக்கிற அரை கிலோமீட்டர், முக்கால் கிலோமீட்டரைப் பற்றி. அந்தத் தெரு ரயில்வேயிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், இரண்டு மாநகராட்சிக்கும் சேர்த்து ஒரே கடிதமாக.

2004 ஜூலையில் பீச் (சென்னை கடற்கரை) - தாம்பரம் தடத்தில் மீட்டர் கேஜ் வண்டிகள் நின்று எல்லாம் அகலப்பாதையானது. அந்த வருடக் கடைசியில் எனக்குப் பூங்கா ஸ்டேஷன் பக்கத்தில் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து சீசன் டிக்கெட்தான். கல்யாணம் ஆகி, இரண்டு குழந்தை பிறந்து, அவர்கள் வளர்ந்து, இப்போது பெரியவளும் என்னோடு அதே வண்டியில் காலேஜுக்கு வருகிறாள். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை ஏறக்குறைய 29 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், டிக்கெட் 10 ரூபாய். இந்த ஊரில் 10 ரூபாய்க்கு இவ்வளவு தூரம் வேறு எதில் போக முடியும் என்று யோசித்துப் பாருங்கள். என் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடிந்தது என்றால் அதில் இந்த ரயிலுக்கு ஒரு பங்கு இருக்கிறது.

ஆனால் 29 கிலோமீட்டர் எனக்குப் பயமில்லை. வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருக்கிற 800 மீட்டர்தான் பயம்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எழும்பூரில் கண் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பி வந்தோம். அம்மாவுக்கு 71 வயது, முட்டி வலி. படி ஏறி இறங்கி எப்படியோ ஸ்டேஷனுக்கு வெளியே வந்தாயிற்று. வெளியே கணுக்கால் அளவு தண்ணீர். நடைபாதை என்று ஒன்று அங்கே உண்டு, அதாவது மழைநீர் வடிகாலுக்கு மேல் போட்ட சிமென்ட் மூடிதான் நடைபாதை. அதில் ஒரு மூடி ஒரு பக்கம் தாழ்ந்து கிடந்தது தண்ணீருக்குள் தெரியவில்லை. அம்மாவின் கால் உள்ளே போய்விட்டது. பக்கத்தில் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மாவும் ஒரு ஷேர் ஆட்டோ டிரைவரும் ஓடி வந்து தூக்கினார்கள். எலும்பு முறியவில்லை, ஆனால் தொடை வரை சிராய்ப்பு, அப்புறம் ஆறு வாரம் படுக்கை. அதற்குப் பிறகு அம்மா ரயில் ஏறவே இல்லை. எழும்பூர் போக இப்போது கால் டாக்சிதான், ஒரு தடவைக்கு என் மூன்று மாத சீசன் டிக்கெட் காசு போய்விடுகிறது.

மறுநாள் நான் இதைச் சொல்ல ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அந்த மூடி இருப்பது எங்கள் எல்லையில் இல்லை, அது இன்னாருடைய இடம் என்றார்கள். அங்கே போனேன். அவர்கள் ஒரு வரைபடத்தைக் காட்டி, சுவர் வரைக்கும்தான் எங்களுடையது, சுவருக்கு வெளியே ரோடு வேறு துறை, வடிகால் வேறு துறை என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். ஆனால் அந்த மூடி யாருடையது என்று மட்டும் கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. எந்த ஸ்டேஷன், எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு மூடியை மாற்றிவிட்டு விஷயம் முடிந்தது என்று ஆகிவிடும். இதைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் ஸ்டேஷன் வாசலில் ஒரு மூடி ஞாபகத்துக்கு வந்திருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சரி, ஸ்டேஷன் வாசலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று நீங்கள் கேட்கலாம். வார்டில் நூறு தெரு இருக்கிறது, அதில் இதுவும் ஒன்றுதானே என்று. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு முதல் மின்சார ரயில் ஓடியது 1931ல். தென்னிந்திய ரயில்வே என்ற வெள்ளைக்காரன் காலத்துக் கம்பெனி, மீட்டர் கேஜ் பாதை, மேலே 1,500 வோல்ட் நேர்மின்சாரக் கம்பி. அன்றைக்குச் சென்னையின் மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய ஆறரை லட்சம். தாம்பரம் என்பது ஊருக்கு வெகு வெளியே. அதற்கு மூன்று வருடம் முன்னால், 1928ல், காசநோய்க்காரர்களுக்கு ஊரை விட்டுத் தள்ளி நல்ல காற்று வேண்டும் என்று அங்கே ஒரு சானடோரியம் கட்டினார்கள் என்றால் எவ்வளவு காடாக இருந்திருக்கும் பாருங்கள். அந்தப் பெயர்தான் இன்னும் ஸ்டேஷன் பலகையில் இருக்கிறது, தாம்பரம் சானடோரியம். குரோம்பேட்டை என்ற பெயரும் அப்படித்தான், குரோம் முறையில் தோல் பதனிட்ட ஒரு தொழிற்சாலையால் வந்தது. பாரிமுனைப் பக்கம் இருந்த கிறிஸ்தவக் கல்லூரி 1937ல் தாம்பரத்துக்குப் போனது, மின்சார ரயில் ஓட ஆரம்பித்து ஆறே வருடத்தில். வாத்தியாரும் மாணவரும் ரயிலில் போய் வரலாம் என்ற தைரியம் இல்லாமல் அவ்வளவு தூரத்துக்கு ஒரு காலேஜ் நகர்ந்திருக்குமா?

கோடம்பாக்கம், மேற்கு மாம்பலம், சைதாப்பேட்டை, பழவந்தாங்கல், பல்லாவரம், எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் பழைய தெருக்கள் ஸ்டேஷனை நோக்கித்தான் ஓடும். மார்க்கெட், பள்ளிக்கூடம், டாக்டர், கல்யாண மண்டபம் எல்லாம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். அந்தக் காலத்தில் வீட்டு மனை விற்றவர்கள் "ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்" என்று சொல்லித்தான் விற்றார்கள், இன்றைக்கும் அப்படிச் சொல்லித்தான் வாடகையைக் கூட்டுகிறார்கள். அதாவது இந்த ஊர்கள் நடந்து போகிறவர்களை நம்பிக் கட்டிய ஊர்கள். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். பல்லாவரமும் தாம்பரமும் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்குத் தண்டவாளம் ஒரு காரணம். அப்படியானால் ஸ்டேஷன் வாசல் என்பது நூறு தெருவில் ஒன்று என்று எப்படிச் சொல்ல முடியும்? வார்டே அந்த வாசலிலிருந்துதான் ஆரம்பித்தது.

நடப்பவர்களுக்கு இருந்த அந்த இடத்தை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வந்துவிட்டோம். முதலில் ஸ்கூட்டர் நிறுத்தினார்கள், அப்புறம் கார், அப்புறம் கடையின் ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர், கேபிள் பெட்டி, கட்சிக் கொடிக்கம்பம். ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். எல்லாம் சேர்ந்தபோது, காலை எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பஸ்ஸும் லாரியும் வருகிற தார் ரோட்டில் இறங்கி நடக்கிறோம், பள்ளிக்கூடப் பையைச் சுமந்த பிள்ளைகள் உட்பட.

இதில் உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் உங்களால் முடியும் என்பதற்கு உங்கள் கையாலேயே கட்டிய உதாரணம் இருக்கிறது. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆகாய நடைபாதை. 570 மீட்டர் நீளம், 2023 மே மாதம் திறந்தார்கள். ஸ்மார்ட் சிட்டி பணத்தில் சென்னை மாநகராட்சி கட்டியது. அதற்கு முன்னால் ரங்கநாதன் தெரு வழியாகத் தீபாவளி நேரத்தில் வெளியே வந்தவர்களுக்குத் தெரியும் அந்த நெரிசல் எப்படி என்று, மூச்சுவிட இடம் இருக்காது, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது. இப்போது சக்கர நாற்காலியில் ஒருவர் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போக லிஃப்ட் இருக்கிறது. ரயில்வேயின் பாலத்தோடு மாநகராட்சியின் பாலத்தை இணைத்திருக்கிறார்கள். அந்த ஒரு இடத்தில் "இது யாருடைய எல்லை" என்ற கேள்வி தீர்ந்திருக்கிறது. யாரோ இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அந்த மேசையைத்தான் நான் எல்லா ஸ்டேஷனுக்கும் கேட்கிறேன்.

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். 2014லேயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. இந்தியாவில் இப்படி ஒன்றை ஏற்ற முதல் நகரம் நம்முடையது, அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. சென்னை உறுப்பினர்களே, அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் உங்களில் யாராவது ஒருவர் எழுந்து அந்த 60 சதவீதம் எங்கே என்று கேளுங்கள். தாம்பரம் உறுப்பினர்களே, உங்களுடையது புது மாநகராட்சி, பழைய கணக்குச் சுமை இல்லை, அதே கொள்கையை உங்கள் மாமன்றத்தில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். அதில் முதல் வரியாக "ரயில் நிலையங்களிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டம்" என்று போடுங்கள்.

எல்லா ஸ்டேஷனுக்கும் ஆகாய நடைபாதை கேட்கவில்லை. அது மாம்பலத்துக்குத் தேவைப்பட்டது. மற்ற இடங்களில் கேட்பது உடையாத மூடி, எரியும் விளக்கு, ஆறடி அகலத்துக்குத் தடையில்லாத நடைபாதை, ரோட்டைக் கடக்க ஒரு வெள்ளைக் கோடும் அதில் வண்டி நிற்கும் என்ற நம்பிக்கையும்.

ரோட்டைக் கடப்பது என்றதும் தண்டவாளம் கடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தால் ரயில்வே சட்டம் 147வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், ஸ்டேஷனில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஒலிபெருக்கியிலும் சொல்கிறார்கள். மின்சார வண்டி வேறு, எஞ்சின் வண்டி மாதிரி தூரத்திலிருந்தே இரைந்துகொண்டு வராது, நாலு தடம் இருக்கிற இடத்தில் ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டே இன்னொரு வண்டிக்கு முன்னால் போய்விடுவோம். இதெல்லாம் தெரிந்துதான் ஜனங்கள் கடக்கிறார்கள். ஏன்? என்னோடு வருகிற ஒரு அக்கா ஒரு கம்பெனியில் தையல் வேலை, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. அவரிடம் கேட்டேன். "பாலத்துல ஏறி இறங்கினா நான் போக வேண்டிய பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடுதும்மா, அங்கேருந்து மறுபடி ரோட்டைத் தாண்டணும். தண்டவாளத்தைத் தாண்டினா நேரா ஸ்டாப்பு" என்றார். பாலத்தை ரயில்வே கட்டியது, பஸ் ஸ்டாப்பை வேறு யாரோ வைத்தார்கள், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ரோட்டை யாருமே யோசிக்கவில்லை. அந்த அக்காவை யாரும் அபராதம் போட்டுத் திருத்த முடியாது. நிழற்குடையை எண்பது மீட்டர் தள்ளி வைத்தால் அவர் நாளைக்கே பாலத்தில் ஏறுவார். நிழற்குடை வைப்பதும் எடுப்பதும் உங்கள் வேலைதான்.

இரவைப் பற்றியும் பேச வேண்டும். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு வந்த பிறகு இரண்டு மாமன்றத்திலும் பாதி நாற்காலியில் பெண்கள் உட்கார்ந்தார்கள். 2022ல் இரண்டு மாநகராட்சிக்குமே பெண்கள்தான் மேயரானார்கள். அன்று டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மகளிடம், "பார்த்தியா" என்று மட்டும்தான் சொன்னேன், அதற்கு மேல் பேச வரவில்லை. அதனால் உங்களிடம் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ராத்திரி ஒன்பதரை மணிக்கு லேடீஸ் கம்பார்ட்மென்டில் வருகிற வரை எனக்குப் பயமே இல்லை. பத்துப் பதினைந்து பேர் இருப்போம், ஒருத்தி பூ கட்டிக்கொண்டிருப்பாள், ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள், யாராவது ஒருவர் கொய்யாப்பழம் வாங்கிப் பகிர்ந்து கொடுப்பார். ஸ்டேஷனில் இறங்கியதும் ஆளுக்கொரு திசையாகப் பிரிகிறோம் பாருங்கள், அந்த இடத்தில்தான் செருப்பைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு வேகமாக நடக்க ஆரம்பிக்கிறோம். சுற்றுச்சுவரை ஒட்டிய அந்தத் தெருவில் விளக்குக் கம்பங்கள் ஏழு, நான் எண்ணியது, எரிவது மூன்று. மகளுக்குக் காலேஜில் ஏதாவது நிகழ்ச்சி முடிந்து நேரமாகிவிட்டால் அவள் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் நிற்கிறார். நாலு விளக்கு எரியாததால் ஒரு வீட்டில் அப்போதெல்லாம் ஒரு ஆளும் ஒரு பைக்கும் ஸ்டேஷனுக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. அப்படி எத்தனை வீடு? இப்படி வந்து நிற்கிற பைக்குகளே வாசலை அடைத்துக்கொள்கின்றன.

நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று உடனே புல்டோசரை அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து. இதை அழுத்திச் சொல்கிறேன். என் அம்மாவைத் தூக்கியது அந்த வாழைப்பழக் கடை அம்மாதான். ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தெருவில் வெளிச்சம் என்று இருப்பது இட்லிக் கடைத் தள்ளுவண்டியின் பல்புதான். பூக்காரரும் பழக்காரரும் இருக்கிற பக்கமாகத்தான் நாங்கள் நடக்கிறோம், ஏனென்றால் அங்கே பார்க்க ஆள் இருக்கிறது. 2014ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது, அதில் வியாபாரிகளுக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்தக் கோடு வரை கடை, இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நடை என்று வரைந்து கொடுங்கள். கோடு போட்டுக் கொடுத்தால் மதிப்பார்கள். இடைஞ்சல் பெரும்பாலும் அவர்களால் இல்லை, காலையில் நிறுத்திவிட்டுச் சாயங்காலம் எடுக்கிற கார்களால்தான்.

ஷேர் ஆட்டோவுக்கும் இதேதான். அவர்கள் இல்லையென்றால் முடிச்சூர் பக்கமிருந்தும் மாடம்பாக்கம் பக்கமிருந்தும் வருகிறவர்கள் ஸ்டேஷனுக்கு எப்படி வருவார்கள்? பஸ் வாசலுக்கு நடுவிலேயே நிற்கிறது, ஆட்டோ அதற்கு முன்னால் நிற்கிறது, நாங்கள் இரண்டுக்கும் நடுவில் நெளிந்து வருகிறோம். அவர்கள் நிற்க ஒரு இடம் ஒதுக்குவது பெரிய செலவில்லை. சைக்கிள் நிறுத்தம் என்று ஒன்று எத்தனை ஸ்டேஷனில் கூரையோடு இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்கள் சைக்கிளில் வரத் தயார், மழையில் நனையாமல், திருட்டுப் போகாமல் இருக்கும் என்றால்.

ரயில்வே பக்கம் வேலை நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 மே மாதம் அம்ரித் பாரத் திட்டத்தில் பரங்கிமலை ஸ்டேஷனைப் புதுப்பித்துத் திறந்தார்கள். அதற்கு முந்தைய மாதம், ஏப்ரல் 19 அன்று, கடற்கரை - செங்கல்பட்டு தடத்தில் முதல் ஏசி மின்சார ரயில் வந்தது, தானாக மூடுகிற கதவோடு. தொடக்கத்தில் வைத்த கட்டணம் குறைந்தது 35 ரூபாய், அதிகபட்சம் 105. எங்களைப் போல் சீசன் டிக்கெட்காரர்களுக்கு அது தினப்படிக்குக் கட்டாது என்றாலும் வந்தது நல்லதுதான், முடியாதவர்களைக் கூட்டிக்கொண்டு போக ஒரு வழி. செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கிற மாதிரி சென்னை ஒன் செயலியும் வந்தது. இதையெல்லாம் நினைத்துப் பாருங்கள். போனில் ஒரே டிக்கெட், உள்ளே குளிர்காற்று, தானாக மூடும் கதவு, வெளியே இறங்கினால் கணுக்கால் தண்ணீரும் தாழ்ந்து கிடக்கிற மூடியும். ஸ்டேஷனுக்கு உள்ளே போடுகிற கோடிகள் முழுப் பலன் கொடுக்க வேண்டுமென்றால் வெளியே உங்கள் லட்சங்கள் வேண்டும்.

கிளாம்பாக்கம் விஷயத்தில் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பர் 30 அன்று அவ்வளவு பெரிய பஸ் நிலையத்தைத் திறந்தார்கள், தண்டவாளம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஓடுகிறது, ஆனால் திறந்த அன்று அங்கே வண்டி நிற்க ஒரு ஸ்டேஷன் கிடையாது. பெட்டியும் கையுமாகக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி அங்கிருந்து ஆட்டோ பிடித்தார்கள். அது உங்கள் கட்டிடம் இல்லை என்பது தெரியும். பஸ்ஸை ஒருவரும் ரயிலை ஒருவரும் நடைபாதையை இன்னொருவரும் தனித்தனியாக யோசித்தால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் சொன்னேன்.

தண்டவாளத்துக்கு வார்டு எல்லை கிடையாது. மீனம்பாக்கம் சென்னை, பல்லாவரம் தாம்பரம், நடுவில் ஏர்போர்ட்டுக்கு எதிரே திரிசூலம். வண்டியில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு எந்த இடத்தில் மாநகராட்சி மாறுகிறது என்றே தெரியாது. காலையில் நான் தாம்பரத்து வரி கட்டுகிறவள், பத்து மணிக்குச் சென்னைத் தெருவில் நடக்கிறவள், இரவு மறுபடி தாம்பரத்துக்காரி. பூங்கா ஸ்டேஷன் வாசல் மோசமாக இருந்தால் அதற்கு நான் எந்தக் கவுன்சிலரிடம் போவேன்? அங்கே எனக்கு ஓட்டு இல்லை. அங்கே ஓட்டு இருக்கிறவர் அந்த வாசலில் தினமும் நடக்கிறவராக இருக்க மாட்டார். எங்களைப் போன்றவர்களின் கஷ்டம் இரண்டு மாமன்றத்துக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. அதனால்தான் இரண்டு பேருக்கும் ஒரே கடிதம். தடத்தில் ஸ்டேஷன் உள்ள வார்டுகளின் உறுப்பினர்கள் இரண்டு பக்கமிருந்தும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றாக உட்காருங்கள். ரயில்வேயிலிருந்து ஒருவர், நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஒருவர், பஸ்ஸுக்கு ஒருவர், போக்குவரத்துப் போலீஸிலிருந்து ஒருவர். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு தாள் போதும். அதில் ஒவ்வொரு மூடிக்கும் ஒவ்வொரு கம்பத்துக்கும் எதிரே ஒரு அலுவலகத்தின் பெயரும் ஒரு போன் நம்பரும் எழுதி, அந்தத் தாளை டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். "அது எங்களுடையது இல்லை" என்ற பதிலை அந்தத் தாள் இருந்தால் யாரும் சொல்ல முடியாது.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை. வார நாளில் ஒரு நாள், சாயங்காலம் ஆறரைக்கு மேல், கார் இல்லாமல், உதவியாளர் இல்லாமல், உங்கள் வார்டு ஸ்டேஷனிலிருந்து உங்கள் வீட்டுக்கு நடந்து போங்கள். முடிந்தால் வீட்டில் உள்ள வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அல்லது ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நடந்தால் இன்னும் நல்லது. போட்டோ எல்லாம் வேண்டாம், நடந்தால் போதும்.

நான் நடந்துவிட்டேன். என் வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷன் படிக்கட்டு வரை 1,140 காலடி வைக்கிறேன், அதில் நடைபாதையில் வைக்க முடிந்தது 310. உடைந்த அல்லது ஆடுகிற மூடிகள் பதினொன்று, எரியாத விளக்கு நான்கு, நடைபாதையின் குறுக்கே டிரான்ஸ்பார்மர் ஒன்று, தார் ரோட்டில் இறங்க வேண்டிய இடங்கள் ஒன்பது. எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் இடத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். என்னோடு வண்டியில் வருகிற நாலு பேர் அவரவர் ஸ்டேஷனுக்கு இதே மாதிரி எழுத ஆரம்பித்திருக்கிறார்கள், அதில் அந்தத் தையல் அக்காவும் ஒருவர், அவருக்கு எழுத வராது என்பதால் அவர் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எங்கள் வார்டில் மக்கள் குறை சொல்லக் கூடுகிற அடுத்த பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று தெரிவியுங்கள். நோட்டுகளோடு வருகிறோம். சனிக்கிழமையாக இருந்தால் அம்மாவும் வருகிறேன் என்கிறார்கள், ஆனால் கூட்டம் நடக்கிற இடத்துக்கு ஆட்டோ போக வழி இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தாம்பரம் மாநகராட்சியில் வீடும் சென்னை மாநகராட்சியில் வேலையும் உள்ள ஒரு சீசன் டிக்கெட் பயணி